ஒரே துணியில் பன்னிரண்டு சட்டை

எங்கள் பழைய ஆபீசில் இப்போது மனிதவளப் பிரிவைப் பார்க்கும் பெண் போன மாதம் எனக்கு போன் செய்தாள். இரண்டு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகியவர்கள் ஆபீசுக்குத் திரும்பியதும் டி-சர்ட்டும் ரப்பர் செருப்புமாக வருகிறார்களாம். "டிரஸ் கோடை நம்ம கம்பெனிக்கே கொண்டுவந்தது நீங்கதானாமே மேடம், அதப்பத்தி மேகசீனுக்கு எழுதித் தாங்களேன்" என்றாள். கொண்டுவந்தது நானில்லை. அதைக் கொண்டுவந்தவர் வேறொருவர். அதன் கையைக் காலை முறித்து, இந்த ஊருக்குத் தகுந்த மாதிரி மறுபடி ஒட்டவைத்தது நான். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் எம்.கே.பி. நகர்க்காரி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு கன்டெய்னர் நிலையத்தில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தற்காலிகம் என்பது பதினான்கு வருடம் நீண்டது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தொழில் செய்த எங்கள் முதலாளி வெள்ளை வேட்டி சட்டைக்காரர். யார் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை. வேலை நடந்தால் போதும் அவருக்கு. கைலியோடு கேட்டுக்குள் நுழைந்து, உள்ளே வந்து பேன்ட் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டாயிரம் பிறந்த புதிதில் அவர் நிலையத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றார். அதோடு எங்கள் தலையெழுத்து மாறியது.

புதிய ஜெனரல் மேனேஜராக ரகுராமன் வந்தார். தமிழர்தான், ஆனால் மும்பையிலேயே வளர்ந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படி ஒரு அதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. காலை எட்டு ஐம்பதுக்கு வருவார். தன் கைக்குட்டையால் தானே மேஜையைத் துடைத்துக்கொள்வார். குரலை உயர்த்தியே பேச மாட்டார். எதிரே யாரையும் நிற்கவிட மாட்டார். உட்காருங்கள் என்று சொல்லி, முழுக்கக் கேட்டுக்கொண்டு, பிறகுதான் முடியாது என்பார். கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அதைக் காகிதத்தின் குறுக்கே படுக்க வைத்துவிட்டாரென்றால் பேச்சு முடிந்தது, எழுந்து வந்துவிட வேண்டும். அவரிடம் கத்திப் பேசி ஜெயிக்க முடியாது, அழுதும் முடியாது. ஆதாரம் காட்டினால் மட்டும் பென்சில் கையிலேயே இருக்கும்.

அவர் வந்த இரண்டாவது வாரம் சர்க்குலர் வந்தது. பிசினஸ் கேஷுவல். ஆண்கள் காலர் வைத்த வெளிர் நிறச் சட்டை, அடர் நிறப் பேன்ட், சட்டையை உள்ளே விட்டு பெல்ட், மூடிய ஷூ. பெண்கள் புடவை அல்லது துப்பட்டாவைப் பின் செய்த சுடிதார். காலுக்கு அவர்களுக்கும் மூடிய ஷூதான். கறை, கசங்கல் கூடாது. பூ வைக்கலாமா என்று கணக்குப் பிரிவிலிருந்து எழுதிக் கேட்டார்கள். "அளவாக" என்று பென்சிலால் எழுதி அனுப்பினார். அளவென்றால் எத்தனை முழம் என்று எழுதவில்லை. நாங்களும் திருப்பிக் கேட்கவில்லை.

இதைக் கண்காணிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்குள் நான் நிர்வாகப் பிரிவின் உதவியாளராகியிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். காலை ஒன்பதுக்கும், மதியம் கவுன்டர் ஹால் திறக்கிற இரண்டு மணிக்கும், ஹால் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து சட்டை, பேன்ட், ஷூ, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அல்லது பெருக்கல் குறி போட வேண்டும். பெருக்கல் குறி வாங்கியவர் அன்றைக்கு வாடிக்கையாளர் இருக்கும் ஹாலுக்குள் போகக் கூடாது. பெருக்கல் குறிகள் சேர்ந்தால் மெமோ. மூன்று மாதக் கண்காணிப்பு. அதில் தேறியவர்களுக்குத்தான் புதிய கம்பெனியின் நிரந்தர நியமனக் கடிதம். மூன்று மெமோ வாங்கியவர்கள் கான்ட்ராக்டரின் கீழ் கூலிக்குப் போக வேண்டும்.

மற்றப் பிரிவுகள் எப்படியோ சமாளித்தன. மாட்டிக்கொண்டவர்கள் சர்வே கிளார்க்குகள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு மூத்தவர் தேசிங்கு. புளியந்தோப்புக் குடியிருப்புக்காரர், அப்போதே இருபத்திரண்டு வருட சர்வீஸ். காலி கன்டெய்னர் நிலையத்துக்குத் திரும்பி வந்ததும் அதில் ஓட்டை, நெளிவு, உடைந்த பலகை இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது அவர்கள் வேலை. காலையில் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கும் யார்டில் சர்வே, மதியம் கவுன்டரில் உட்கார்ந்து கப்பல் ஏஜென்டுகளுக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். யார்டில் துரு, கிரீஸ், வாசலில் நிலக்கரி லாரி. வெளிர் நிறச் சட்டை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதத்திலேயே தேசிங்கண்ணனுக்கு இரண்டு மெமோ. இரண்டுக்கும் காரணமான பெருக்கல் குறியைப் போட்டவள் நான், டைப் அடித்தவளும் நான். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"பரவால்ல மல்லிகாம்மா, நீ இன்னா பண்ணுவே. ஒன் வேல அது" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "ஆனா மூணாவது வந்துச்சுன்னா நம்ம கத கந்தல். பெரியவளுக்கு மாப்புள பாத்துக்கினு கீறோம். அப்பன் கம்பெனி ஸ்டாப்புனு சொல்லிக்கினு கீறேன்."

நான் ஒரு யோசனை செய்தேன். யோசனை என்னுடையதுதான், அதை மறைக்கப் போவதில்லை. ஆளுக்கு இரண்டு மூன்று சட்டைகள்தான் இருந்தன, அவையும் பூப்போட்டவை, கட்டம் போட்டவை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்தக் கடையில் ஒரு முழுச் சுருளாக எடுத்தால் மலிவாகக் கிடைக்கும். தீபாவளிக்கு நாங்கள் எல்லோரும் செய்வதுதானே. ஒரு சனிக்கிழமை மதியம் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளிர் நீலத்தில் மெல்லிய கோடு போட்ட துணி, தொட்டால் வழுக்கும். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. கல்மண்டபத்தில் கரீம் பாய் கடையில் தைக்கக் கொடுத்தோம். பாய் துணியைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு பேருக்கும் இதேவாம்மா? ரெண்டு மூணு கலரா எடுத்திருக்கலாமே" என்றார். "உங்களுக்குத் தைக்கிற வேல, அத மட்டும் பாருங்க பாய்" என்று வாயடைத்துவிட்டேன். அந்த வாய்க்குத்தான், சட்டைகள் தைத்து வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, சரியாகக் கிடைத்தது.

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு ஒரு குணம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு தனியாக வர மாட்டார்கள், கூச்சம். தெருவில் யாராவது ஓட்டுவார்கள். அதனால் பன்னிரண்டு பேரும் டீக்கடையில் ஒன்றுகூடி, டீ குடித்து, மொத்தமாகக் கிளம்பி ஒரே வரிசையில் கேட்டை நோக்கி நடந்து வந்தார்கள். முன்னால் தேசிங்கண்ணன், படிய வாரிய தலை, நெற்றியில் விபூதி. நான் வாசலில் நின்று பார்த்தேன். பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து ரகுராமன் சாரும் பார்த்தார். அந்த வாரம் துறைமுகத்தில் டிரெய்லர்க்காரர்கள் வேலை நிறுத்தம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் கறுப்புப் பட்டை அணிந்து நின்றார்கள். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்றால், சீருடை அணிந்த ஒரு போராட்டம்.

கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேரும் வெளியே வெயிலில். என்னை மாடிக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, வழக்கம்போல் அமைதியாகத் தான் சொல்வதை எழுதிக்கொள்ளச் சொன்னார். விதிமுறையைக் கேலி செய்யும் விதமாக ஒரே உடையில் ஊழியர்களைத் திரட்டி வந்ததற்காகத் தேசிங்குவுக்கு மெமோ. அது மூன்றாவது.

பாதி எழுதிய பேனா நின்றுவிட்டது.

"சார், துணி எடுத்தது நான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா?"

"நான்தான் சார். போராட்டமெல்லாம் இல்ல. நீங்க கேட்ட மாதிரி சட்ட யார்கிட்டயும் இல்ல. மொத்தமா எடுத்தா மலிவுன்னு எடுத்தோம். எங்க பக்கம் வழக்கம் அது."

"பன்னிரண்டு பேர் ஒரே சட்டை போடுவது வழக்கமா?"

"ஆமா சார்."

"ஆதாரம்?"

இந்தக் கேள்விக்காக அவரை எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதுவே கை கொடுத்தது. என் பர்சில் முந்திய தீபாவளிக்கு எடுத்த போட்டோ இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் வீட்டுக்காரர், மாமனார், இரண்டு பையன்கள், கொழுந்தன் எல்லோரும் ஒரே மெரூன் கட்டம். என் பெண்ணின் பாவாடையும் அதே கட்டம். பின்னால் கட்டிலில் தெரியும் தலையணை உறைகூட அதேதான். மிச்சத் துணியை வீணாக்குவோமா?

அவர் போட்டோவைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். தலையணையை விரலால் தொட்டார். சிரித்தார் என்று சொல்ல மாட்டேன், மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. கேட்டைத் திறக்கச் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. "இது போராட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்" என்றார். "ஆனால் இரண்டு மணிக்கு அந்தச் சட்டைகள் எப்படி இருக்கும்? மூன்றாவது மெமோ இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. காலை வேலை முடிந்ததும் தேசிங்குவைக் கூப்பிடுங்கள்."

ஒரு மணிக்குத் தேசிங்கண்ணன் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இரண்டு மெமோவும் கறைக்காக. யார்டுக்குப் போகிற எல்லோருக்கும் கறை படுகிறது, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

"சார், பொட்டிக்குள்ள பூந்து, கதவ இழுத்து மூடிக்கினு பாக்கணும் சார். இருட்டுல நின்னாதான் ஓட்ட வழியா வெளிச்சம் தெரியும். கீழ் மூலைல ஓட்ட கீதான்னு முட்டி போட்டுத்தான் பாக்கணும். இந்தப் பசங்களுக்கும் அதான் சொல்லிக்கினு கீறேன்."

"வெளியிலிருந்து பார்த்து எழுத முடியாதா?"

"எழுதலாம் சார். சட்ட சுத்தமா இருக்கும். ரிப்போட்டு பொய்யா இருக்கும்."

பென்சில் குறுக்கே படுக்கப் போகிறது என்றுதான் எண்ணினேன். அவர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"காட்டுங்கள்" என்றார்.

ஜெனரல் மேனேஜர் யார்டில் இறங்கி நடந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர் கிரேனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். வரிசையில் கடைசியாக நின்ற ஒரு கன்டெய்னரைத் தேசிங்கண்ணன் காட்டினார். "பாத்து வாங்க சார், கம்பில கிரீஸ் கீது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சாரின் வலது கை பூட்டுக்கம்பியில் பட்டுவிட்டது. இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. வெளியே நான், பதினொரு சர்வே கிளார்க்குகள், மெல்ல மெல்லக் கூடிய கூட்டம்.

உள்ளே நடந்ததைத் தேசிங்கண்ணன் பிறகு சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லையாம். கண் பழகியதும் கூரையில் ஒரு புள்ளி வெளிச்சம். பக்கச் சுவரில் ஒன்று. "அவ்வளவுதானே?" என்று சார் கேட்டிருக்கிறார். "இல்ல சார், ஒக்காருங்க" என்றாராம் இவர். சார் முட்டி போட்டிருக்கிறார். கீழ் மூலையில், பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. நின்றுகொண்டு எத்தனை நேரம் பார்த்தாலும் தெரியாத இடம். "இதுல மாவு மூட்ட ஏத்துனா, கப்பல்ல தண்ணி ஏறி அத்தினியும் கலீஜாயிடும் சார். அப்புறம் நம்ம கையெழுத்தத்தான் காட்டுவான்." சார் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார்.

கதவு திறந்தபோது அவர் முழங்கால்களில் துரு. தோளில் ஒட்டடை. வெள்ளைச் சட்டையின் நடு மார்பில் அவருடைய கையே பதித்த ஐந்து விரல் கிரீஸ். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க எல்லோருக்கும் ஆசை இருந்தது.

அதற்குள் மணி இரண்டாகிவிட்டது. கவுன்டர் ஹாலில் அவரைப் பார்க்க ஒரு ஏற்றுமதிக்காரர் காத்திருந்தார். நான் முன்னால் ஓடி வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கால்கள் தாமாகவே ஓடிவிட்டன. அவர் நேராக ஹாலுக்குள் நுழையப் போனார். படிவக் கட்டிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை உருவினேன்.

"சார்" என்றேன். "நீங்க உள்ள போகக் கூடாது."

பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வேலை போயிற்று, வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. ஆனாலும் கை எழுதிக்கொண்டுதான் இருந்தது. பெயர் ரகுராமன். அடையாள அட்டை, டிக். ஷூ, டிக். பேன்ட், பெருக்கல் குறி. சட்டை, பெருக்கல் குறி.

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, கீழே ஊழியர் கையெழுத்து என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். "அவரைப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, யார்டு ஆட்கள் போகும் பின்பக்கப் படிக்கட்டு வழியாக மாடிக்குப் போனார். அவரிடம் எனக்கு மரியாதை வந்தது அந்தப் படிக்கட்டில்தான்.

புதிய சர்க்குலருக்கு நான்கு வரைவுகள் ஆயின. அவர் முதலில் சொன்னது, சர்வே ஊழியர்கள் மாற்றுச்சட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று. நான் டைப் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்ன என்றார். "ஊழியர்கள் வெச்சுக்கணும்னு போட்டா, இல்லாதவங்களுக்கு மறுபடியும் பெருக்கல் குறிதான் சார். நிர்வாகம் ஏற்பாடு செய்யும்னு போடுங்க" என்றேன். இரண்டு நாள் அந்த ஒரு வரியில் நின்றோம். மும்பையிலிருந்த தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். மூன்றாவது நாள் நிர்வாகம் என்ற சொல் உள்ளே வந்தது. யார்டுக்குச் சட்டைக்கு மேல் போட முழு மேலங்கி, கவுன்டருக்கு இரண்டு சட்டை, கை கழுவச் சோப்பும் குழாயும், மாட்டி வைக்கக் கொக்கிகளோடு ஓர் அறை. உடை மாற்றக் கால் மணி நேரம், அது வேலை நேரத்திலேயே சேரும். காலர் இருந்தால் போதும், எந்த நிறமும் சரி. கன்டெய்னருக்குள் போய்க் கதவை மூடிப் பார்க்காமல் சர்வே ரிப்போர்ட் எழுதக் கூடாது என்று கடைசியாக ஒரு வரி. அதை யாரும் கேட்கவில்லை, அவராகவே சேர்த்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு எங்கள் ஆட்கள் ஜெயித்தார்கள். எங்களிடம் கற்றுக்கொண்டு அந்தக் கம்பெனியின் மற்ற நிலையங்களிலும் அதே சர்க்குலரைப் போட்டார்கள். அதன் கீழே இருப்பது ரகுராமன் சாரின் கையெழுத்துத்தான். ஆனால் எது யாருடைய வரி என்று எனக்குத் தெரியும். இப்போது டி-சர்ட்டா சட்டையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பதெல்லாம் இதுதான்: விதி போடுகிறவரை ஒரு நாள் அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.

தேசிங்கண்ணனின் இரண்டு மெமோக்களையும் பைலிலிருந்து எடுத்து, குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று சாரே எழுதினார். மூன்று மாதம் முடிந்ததும் பன்னிரண்டு பேருக்கும் நியமனக் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் நானே டைப் அடித்தேன், ஒரு பிழை இல்லாமல். முதல் கடிதத்தைத் தேசிங்கண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். யார்டு முடித்து, குளித்த ஆள்போல் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடியை மாட்டி முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"மல்லிகாம்மா, இன்னா இது, மிஸ்டர்னு போட்டுக்கீது?"

"ஆமாண்ணே."

"நம்மளயா?"

"வேற யாரு இருக்காங்க அதுல?"

"இருவத்திரெண்டு வருசமா எல்லாக் காயிதத்துலயும் வெறும் தேசிங்குதான்" என்றார். அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான்தான் விரலால் காட்டினேன். எனக்கும் எழுத்து சரியாகத் தெரியவில்லை.

கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கவுன்டருக்குப் போனார். ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, "மொதல்ல வந்தது யாரு?" என்று கேட்டார். யார்டில் அவரை 'யோவ்' என்று கூப்பிட்டே பழகிய ஏஜென்ட் ஒருவர் முன்னால் நின்றிருந்தார். அவர் பேப்பர்களை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான்தான் சார்" என்றார்.